கடல் நடுவே ஒரு பந்தி

சாப்பாட்டைப் பற்றி எழுதுதல் பண்டிதருக்கு உரிய வேலை அன்று என்றார் நண்பர் ஒருவர். இலக்கியப் பக்கத்திலே சோற்றுக்கும் கறிக்கும் என்ன இடம் என்பது அவர் கேள்வி. மணிமேகலைக் காப்பியத்தின் நடுநாயகமாய் நிற்பது ஒரு பிச்சைப் பாத்திரம் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். பசியையும் பந்தியையும் தமிழ்ப் புலவர் என்றும் சிறு பொருளாக எண்ணியதில்லை. நாமும் எண்ண வேண்டியதில்லை.

கடல் இப்பொழுது மறுபடியும் நம் வாயிலுக்கு வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசப் பயணக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை தொடங்கியது. 'எம்பிரஸ்' இந்தியப் பயணிகளை மனத்திற்கொண்டு நடத்தப்படுவது. சைவ உணவும் சமணர்க்கான உணவும் அதிலே உண்டு. ஆனால், ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம் பிள்ளைகள் ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து ஏற்றிச் செல்லும் கப்பல்கள் எல்லாம் அத்தகையன அல்ல. அக்கப்பல்களின் பந்தியிலே நம்மவர் எப்படி உண்கின்றனர் என்பதே நான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

என் தமக்கையார் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். பிறந்த நாள் முதல் மச்சம் மாமிசம் தொடாதவர், முட்டையும் உண்ணார். வெளிநாட்டில் வாழும் மகன் சில ஆண்டுகளுக்கு முன் அவரை ஏழு நாட் கப்பற் பயணம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். கப்பலின் பெயர் நமக்கு வேண்டா. முதல் நாள் இரவுப் பந்தியிலே, தாயார் சைவம் என்று மகன் சொன்னான். பரிசாரகர் புன்முறுவலோடு கொண்டுவந்து வைத்தது முட்டையும் பாற்கட்டியும் சேர்த்துச் சுட்ட பண்டம். அடுத்த நாள் வந்த சூப்பிலே கரட்டும் போஞ்சியும் மிதந்தன. மகன் விசாரித்தபோதுதான் அந்தச் சாறு மாட்டெலும்பிற் காய்ச்சியது என்று தெரிந்தது. மூன்றாம் நாள் முதல் அம்மையார் பந்திக்குப் போவதை நிறுத்திவிட்டார். தயிரும் வாழைப்பழமும் தாம் கொண்டுபோன முறுக்குமே அவருக்கு உணவாயின. மகன் கேட்டபோதெல்லாம் பசியில்லை என்றே சொல்லிவந்தார்.

ஊருக்கு வந்தபின் ஒரு நாள் என்னிடம் உண்மையைச் சொன்னார்: "பசி இல்லாமல் இல்லைத் தம்பி. ஒவ்வொரு நேரமும் அந்தப் பிள்ளையளைக் கூப்பிட்டு, இதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு கேக்க வெக்கமாக் கிடந்தது."

அந்தப் 'பிள்ளையள்' என்றது பரிசாரகர்களை. அவர்கள்மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. உணவு இல்லாமை அவரை வருத்தவில்லை; அக்கப்பலிலே உணவு மலைபோற் குவிந்திருந்தது. கேட்டுக் கேட்டு உண்ண வேண்டியிருந்தமையே அவரை வருத்திற்று.

இந்த வெட்கம் புதியது அன்று. 1888ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே, பத்தொன்பது வயது நிரம்பாத ஓர் இளைஞர் சட்டம் படிப்பதற்காகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். புலால் உண்பதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். கடல் கடந்து செல்பவன் ஆசாரம் கெடாமல் உண்ணவும் குடிக்கவும் இயலாது என்று சொல்லி, அவருடைய சாதியார் அவரை விலக்கியும் வைத்தனர். கப்பலிலே அவருக்குக் கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியவில்லை. உணவுப் பட்டியலிலே புலால் கலவாத பண்டம் எது என்று கேட்கத் துணிவும் இல்லை. ஆகவே பந்திக்குப் போகாமல், தாம் கொண்டுசென்ற இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே உண்டு பயணம் செய்தார். அவரே பின்னாளில் மகாத்மா காந்தியடிகள் ஆயினார். தம் சுயசரிதத்திலே இதனை ஒளிக்காது எழுதியுள்ளார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1891ஆம் ஆண்டிலே அவர் நாடு திரும்பினார். இடையே இலண்டனிற் சைவ உணவுக் கழகத்தாரோடு பழகித் தம் கொள்கைக்குக் காரணம் சொல்லக் கற்றிருந்தார். இம்முறை கப்பலிலே, தமக்கும் தம்மைப் போன்ற மற்றொருவர்க்கும் புலால் இல்லா உணவு வேண்டும் என்று முறைப்படி கேட்டார். மரக்கறியும் சோறும் பழமும் தவிட்டுப் பாணும் கிடைத்தன. மூன்று ஆண்டுகளிற் கப்பற் குசினி பெரிதும் மாறிவிடவில்லை. கேட்பவரே மாறியிருந்தார். கேட்டால் கிடைக்கக்கூடியதாயிருந்த ஒன்றை, கேட்கத் தெரியாமையால் ஓர் இளைஞர் முன்னைய பயணம் முழுவதும் இழந்தார் என்பதே இதன் பொருள்.

எல்லார்க்கும் அத்துணிவு வந்தபின்பே சோறு கிடைக்கும் என்று விடுதல் நீதியாகுமா? என் தமக்கையார் இனி எந்தக் கழகத்திற் சேர்ந்து துணிவைக் கற்பது?

கடற்பயணத்திலே புலாலை மறுத்தவன் கதை நம் இலக்கியத்திலும் உண்டு. மணிமேகலையிலே, ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் கவிழ்ந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைகின்றான். மனிதரையே தின்னும் அந்நாகர்தம் தலைவன், வந்தவன் தம் மொழி பேசக் கேட்டு மகிழ்ந்து, அவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கும்படி கட்டளையிடுகின்றான். அவன் அறிந்த அளவில் அதுவே பெரிய உபசாரம். சாதுவன் வேண்டா என்கின்றான். தலைவனுக்குச் சினம் வருகிறது. ஆயினும் காரணம் கேட்கின்றான். சாதுவன் சொல்கின்றான், தலைவன் இருந்து கேட்கின்றான். முடிவில், எங்களால் இயன்ற அறம் யாது என்று வினவுகின்றான். சாதுவன் அவனை ஒரே நாளில் துறவியாக்க முற்படவில்லை. கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாதே; மூத்து இறக்கும் விலங்கினை யன்றிப் பிறவுயிர்க்குத் தீங்கு செய்யாதே என்ற அளவிலே நிறுத்திக்கொள்கின்றான்.

இக்கதையைப் பல ஆண்டுகள் வகுப்பிற் படிப்பித்திருக்கிறேன். சாதுவனின் உறுதியையே மாணாக்கர்க்கு எடுத்துக் காட்டுவேன். தமக்கையார் திரும்பி வந்தபின்பே தலைவனின் பெருமை எனக்குப் புலனாயிற்று. விருந்தினன் தான் கொடுத்ததை மறுத்தபோது, அதனை அவமதிப்பாகக் கொண்டு துரத்தாமல், ஏன் என்று கேட்டானே, அதுவே விருந்தோம்பலின் முதற்படி. சாதுவனிடத்தும் ஒன்று கற்கத்தக்கது. தன் நெறியை அவன் விடவில்லை. அதனை முழுதும் பிறர் தலையிற் சுமத்தவும் இல்லை.

திருவள்ளுவர் இவ்விரண்டையும் இரண்டு இடங்களில் வைத்தார். விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அது இல்லறவியலைச் சேர்ந்தது. புலான் மறுத்தல் இருபத்தாறாம் அதிகாரம். அது துறவறவியலைச் சேர்ந்தது. இவ்வைப்புமுறைக்குக் காரணம் உரையாசிரியர் பலவாறு கூறுவர். எனக்குத் தோன்றுவது இது. புலால் மறுத்தல் ஒருவன் தன்மேற் தானே விதித்துக்கொள்ளும் நோன்பு. விருந்தோம்பல் ஒருவன் பிறர்க்குச் செய்ய வேண்டிய கடன். உண்பவன் தன் நோன்பைத் தான் காக்க வேண்டும். உணவிடுபவன் அந்நோன்புக்கு இடங்கொடுக்க வேண்டும். நோன்பிலே தனக்கு நம்பிக்கை உண்டா, இல்லையா என்பது உணவிடுபவன் ஆராய வேண்டிய பொருள் அன்று.

இதற்கு மறுப்புச் சொல்வார் உளர். 'கட்டுப்பாடு உங்களுடையது, அதன் வில்லங்கத்தையும் நீங்களே சுமவுங்கள். பெரும்பான்மையோர் உண்பதை உண்ண முடியாதவர் வீட்டிலிருக்கலாமே' என்பர். தரையிலே இவ்வாதத்துக்குச் சிறிது வலு உண்டு. ஒரு கடையிற் பிடிக்காவிட்டால் வீதியைக் கடந்து மறு கடைக்குப் போகலாம். கடல் நடுவே மறு கடை ஏது? காசை முற்பணமாக வாங்கிக்கொண்டு, கரையைக் கண்ணுக்கு மறையச் செய்து, ஏழு நாளும் தன் பந்தியை யன்றி வேறு பந்தி இல்லாத இடத்திலே ஒருவரைக் கொண்டுபோய் வைப்பவன், தரையிலுள்ள கடைக்காரனிலும் கூடிய பொறுப்பு உடையவன். அன்றியும், சைவர் அரை விலைக்குச் சீட்டு வாங்குவதில்லை.

இயலாத காரியம் என்பதும் பொருந்தாது. 1912ஆம் ஆண்டிலே மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலை எல்லாரும் அறிவர். அக்கப்பலிலே யூதப் பயணிகளுக்கு அவர்தம் சமய விதிப்படி சமைத்த உணவு கொடுக்க ஏற்பாடு இருந்தது. இறைச்சிக்கும் பாலுக்கும் ஒரே பாத்திரம் ஆகாது என்பது அவ்விதி. ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு குறியிட்ட பாத்திரங்கள் வைத்திருந்தனர். இவ்வேற்பாடு செல்வர்க்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மூன்றாம் வகுப்பு ஏழைகளையும் எண்ணிச் செய்தது அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அன்று இயன்றது இன்று இயலாதா?

இன்றைய கப்பல்கள் மிகப் பெரியன என்பது மெய். 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் முதற்பயணம் சென்ற 'ஐகன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பல் 7,600 பயணிகள்வரை ஏற்ற வல்லது. ஊழியர் 2,350 பேர். ஏறத்தாழப் பதினாயிரம் பேருக்கு மூன்று நேரமும் உணவு ஆக வேண்டும். கடல் நடுவே சந்தை இல்லை. வேண்டியவற்றைத் துறைமுகத்திலேயே ஏற்றிவிட வேண்டும். பந்தியில் அமர்ந்தபின் ஒருவர் தம் விரதத்தைச் சொன்னால், சமையற்காரர் என்ன செய்வார்? அங்கே நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே அண்டாவிற் காய்ச்சிய எலும்புச் சாறே பல சூப்புகளுக்கும் குழம்புகளுக்கும் அடியாக அமைவதுண்டு. அதனை ஊற்றியபின் மேலேயுள்ள இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தால் அது சைவமாகிவிடாது. மரக்கறிச் சாற்றிலே அடியைச் சமைத்து, வேண்டுவோர்க்கு இறைச்சியைப் பின்னே சேர்த்தால் இரு திறத்தார்க்கும் ஒரே அண்டா போதும். ஆகவே இது செலவைப் பற்றிய சிக்கல் அன்று. எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்னும் ஒழுங்கைப் பற்றியது.

இன்னும் ஒன்று. நிலக்கடலை, பால், முட்டை, மீன் முதலிய பதினான்கு பொருள்களிலே எதுவும் உணவிற் கலந்திருந்தால் அதனை உண்பவர்க்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதி, ஐரோப்பிய ஒன்றியத்திலே 2014ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வாமையால் உயிருக்கு ஆபத்து நேரும் என்பது காரணம். அச்சத்தினால் இவ்வளவும் எழுதி வைக்க முடியுமாயின், மரியாதையினால் இன்னும் ஒரு குறியைப் பட்டியலிலே சேர்க்க முடியாதா? இந்தியாவிலே பொதி செய்த உணவின்மேற் பச்சைக் குறியைக் கண்டு, எழுத்தறியாதாரும் சைவம் என்று தெரிந்துகொள்கின்றனர். அத்தகைய ஒரு சிறு குறி என் தமக்கையாரின் வெட்கத்தைத் தீர்த்திருக்கும். குறி இருக்குமிடத்திலே கேள்விக்கு வேலை இல்லை.

உணவிடுவோர் கடனைச் சொன்னேன். உண்போர் கடனையும் சொல்லுதல் முறை.

நாம் கேட்பது என்னவென்று நாமே தெளிவாகச் சொல்வதில்லை. 'சைவம்' என்பது ஒரு சமயத்தின் பெயர். நம் நாட்டிலே அது உணவின் பெயரும் ஆயிற்று. யாழ்ப்பாணத்துப் பழையவர் 'ஆரதக்கறி' என்பர். அதனை ஆருகதம் என்னும் சமண சமயப் பெயரின் வழியாக வந்த சொல்லாகக் கொள்வாரும் உளர். இச்சொற்களின் பொருள் நமக்குத் தெரியும். மேனாட்டுச் சமையற்காரருக்குத் தெரியுமா? அவர் அறிந்த சைவர் முட்டையும் பாற்கட்டியும் உண்பவர். 1944ஆம் ஆண்டிலே இங்கிலாந்திற் பெயர் பெற்ற 'வீகன்' நெறியாரோ பாலும் தேனும் கூடத் தொடார். சமணரிற் பலர் உள்ளியும் கிழங்கும் விலக்குவர். ஆகவே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, தன் வீட்டுச் சமையலை எதிர்பார்ப்பது பேதைமை. விமானக் கம்பெனிகளின் பட்டியலிலே 'இந்து உணவு' என்று ஒன்று உண்டு. பெயரைக் கண்டு அதனைக் கேட்டவர் பலர் ஏமாந்தனர். அது மாட்டிறைச்சி விலக்கிய உணவேயன்றிப் புலால் விலக்கிய உணவன்று; சைவர்க்கு உரியது 'ஆசியச் சைவ உணவு' என்று தனியே குறிக்கப்பட்டிருக்கும்.

மறைந்து கலப்பனவும் பல. வூஸ்டர் சோஸ் என்னும் கரிய குழம்பிலே நெத்தலி இனத்து மீன் சேர்கிறது. ஜெலற்றின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. சிலவகைப் பாற்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையினால் ஆவன. பிறர் குசினியை மட்டும் குற்றம் சொல்வானேன்? நம் நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளிலே மரக்கறியென்று தரும் கறியிலும் சம்பலிலும் மாசி கலந்திருப்பதை அறியாமல் உண்டவர் எத்தனை பேர்! ஆகவே, 'நான் சைவம்' என்று சொல்லி நிறுத்தாமல், இறைச்சி, மீன், முட்டை, அவற்றின் சாறு ஆகியன ஆகா. பாலும் தயிரும் ஆகும் என்று பயணத்துக்குச் சில கிழமைகள் முன்னரே எழுதித் தெரிவித்தல் வேண்டும்.

நம்மவரிற் பலர் வெள்ளிக்கிழமைச் சைவர் என்பதையும் ஒளிக்க வேண்டா. வியாழக்கிழமை மீன் உண்டவர் வெள்ளிக்கிழமை அதனைக் கண்டு கையை எடுத்தால், காரணம் அறியாத பரிசாரகர் மலைப்பது இயல்பே. நல்லூர்த் திருவிழாவும் கந்தசட்டியும் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் தம் பிள்ளைகளைப் பிரிந்து மாதக்கணக்காகக் கடலில் உழைக்கும் ஒருவர். அவரைக் கடிந்துகொள்வது எந்தச் சைவம்? பக்கத்து மேசையிலே இறைச்சி உண்பவரைக் கண்டு முகம் சுளிப்பதும் ஆகாது. நமக்கு வேண்டியது நம் கோப்பையின் தூய்மை; அடுத்தவர் கோப்பையின் தீர்ப்பு அன்று.

இவ்விடத்தில் நம் ஊரையும் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். உணவின் பெயராலும் தூய்மையின் பெயராலும் மனிதரை ஒதுக்கிய பாவம் நம்மிடம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே நம் மக்களில் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்திச் சிரட்டையிலும் போத்தலிலும் வார்த்துக் கொடுத்த காலம் இருந்தது. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும், அறுபதுகளின் பிற்பகுதியிலே தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்கே அவர்கள் போராட நேர்ந்தது. கடையின் உள்ளே கோப்பை இருந்தது, தேநீரும் இருந்தது, இடந்தான் இல்லை. அந்நாளில் அவர்கள் அடைந்த அவமானத்தின் முன்னே, என் தமக்கையார் கப்பலில் அடைந்த வெட்கம் ஒரு துளி. அத்துளியைக் கொண்டாவது அக்கடலை நாம் அளந்தறிய வேண்டாமா? பிறர் பந்தியில் நம் வழக்கத்துக்கு இடங்கேட்கும் உரிமை, நம் பந்தியில் எவரையும் புறத்தே நிறுத்தாதவர்க்கே முழுமையாக உண்டு.

இவ்வாண்டு மருமகன் தாயாரை மறுபடியும் அழைக்கிறான். இம்முறை சீட்டு வாங்குமுன் கடிதம் எழுதச் சொன்னேன். உண்பன இவை, உண்ணாதன இவை என்று இரண்டு நிரலாக நானே எழுதிக்கொடுத்தேன். அதனைத் தமக்கையாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிறிது யோசித்துச் சொன்னார்: "வெங்காயம், உள்ளி போடலாம் எண்டும் எழுதிவிடு தம்பி. அதுகளும் அந்த வெக்கைக்குள்ள நிண்டு சமைக்குதுகள். வீண் கரைச்சல் குடுக்கக் கூடாது."

உண்பன என்ற நிரலின் கடைசியில் அதனையும் சேர்த்து எழுதினேன்.